சயாமில் செத்தவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

எங்கள் பக்கத்தில், சிவகங்கைக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில், ஐ.என்.ஏ. என்று சொன்னால், அது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் என்ற விளக்கம் யாருக்கும் தேவைப்படாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள், கடை வைக்கப் போனவர்கள், வட்டிக்கடையில் கணக்கு எழுதப் போனவர்கள் என்று மலாயாக் கதை ஒன்று பல வீடுகளில் இருக்கும். என் தாத்தாவின் அண்ணன் நேதாஜி படையில் இருந்தவர். கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அவருடைய சீருடைப் படமும் மாட்டியிருக்கும். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'தியாகி'தான். அந்த உறவை வைத்துத்தான் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றியதும் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேச என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிடுவார்கள். நானும் விருப்பத்தோடு போவேன். சலோ டெல்லி என்று சொல்லும்போது இன்றைக்கும் என் உடம்பு சிலிர்க்கும்.

அப்படி ஒரு முறை பேசி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். தெரிந்த முகம்தான், மேலத்தெருக்காரர். "நல்லாப் பேசினீங்க தம்பி. உங்க பெரிய தாத்தா இருந்த அதே தோட்டத்துலதான் எங்க சித்தப்பாவும் மரம் வெட்டினாரு. சயாமுக்கு ரயில் போடப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. திரும்பவே இல்லை. அவரு எந்தக் கணக்குல வருவாரு?" என்று கேட்டார். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து; அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில்பாதையைத்தான் அவர் சொன்னார். அவரும் நாட்டுக்காகச் செத்தவர்தான் ஐயா என்றேன். "நாட்டுக்காகவா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "எதுக்காகச் சாகுறோம்னே அவருக்குத் தெரியாதே தம்பி" என்றார். கோபமோ குத்தலோ இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. தேசபக்தி, தியாகம், போர் என்று நான் மேடையில் சொல்லும் எல்லாவற்றுக்குள்ளும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்திலிருந்து இரண்டு வழி

ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15-ல். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களை இந்திய அதிகாரியான கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் கதையை நாம் இங்கிருந்துதான் தொடங்குவோம். அதற்கு அடுத்த நாளே அதே ஊரில் ஜப்பானியர் சீனர்களைத் தேடிப் பிடித்துக் கொல்லத் தொடங்கினார்கள் என்பதை நம் மேடைகளில் சொல்வதில்லை. ஒரு தெருவில் இந்தியனுக்கு விடுதலை என்கிறார்கள், அடுத்த தெருவில் சீனனைக் கடற்கரைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மலாயாத் தமிழர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுடைய முடிவுகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பயத்தை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

தோட்டங்களில் நிலைமை வேறு. ரப்பரை வாங்க ஆள் இல்லை. துரைமார் ஓடிப்போயிருந்தார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். கப்பலில் வந்த அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டுக்கு மாதத்துக்கு மாதம் மதிப்பு குறைந்தது. அந்த நேரத்தில்தான் சயாமில் வேலை இருக்கிறது, தினக்கூலி உண்டு, அரிசி உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆள் கேட்டு வந்தார்கள். முதலில் போனவர்கள் நம்பித்தான் போனார்கள். திரும்பி யாரும் வராததைப் பார்த்த பிறகு யாரும் போகவில்லை. அப்புறம் கட்டாயம்தான். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குக் கேட்டார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டத்தைச் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிய கதைகளை மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் கேட்கலாம்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். மோகன் சிங் காலத்துப் படை அதற்கு முந்தைய டிசம்பரிலேயே கலைந்திருந்தது. போஸ் சிப்பாய்களோடு நிற்காமல் பொதுமக்களையும் படைக்குக் கூப்பிட்டார். ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சேர்ந்தார்கள். இதன் பெருமையைக் குறைத்துப் பேச நான் யாரையும் விடமாட்டேன். 1857-க்குப் பிறகு பிரிட்டிஷார் யார் வீர இனம், யார் இல்லை என்று இந்தியரைப் பிரித்தார்கள். தமிழர்கள் இல்லை என்ற பக்கம் தள்ளப்பட்டார்கள். மதராஸ் காலாட்படையின் கடைசிப் பட்டாளம் 1928-ல் கலைக்கப்பட்டது. அப்படித் தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள், கூலி என்ற பெயரைத் தவிர வேறு பெயர் இல்லாமல் இருந்தவர்கள், துப்பாக்கி பிடித்து நிமிர்ந்து நின்றார்கள். டேங்க் ரோடு செட்டியார் கோயிலில் போஸை அழைத்தபோது, எல்லாச் சாதியும் எல்லா மதமும் உள்ளே வரலாம் என்றால்தான் வருவேன் என்றார். முஸ்லிம் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். ஊரில் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட குடும்பத்தில் பிறந்து தோட்டத்துக்குப் போன ஒருவனுக்கு அந்தச் செய்தி என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேசியம் மனிதனைத் தூக்கி நிறுத்தியதும் உண்டு. நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இதை மறுப்பதற்காக இல்லை.

என் பெரிய தாத்தா எப்படிச் சேர்ந்தார் என்று சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். நேதாஜி பேச்சைக் கேட்டுச் சேர்ந்தேன் என்பார், அது விழா நாளில். திண்ணையில் தனியாக இருக்கும்போது கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். "சயாமா, பட்டாளமா? ரெண்டுல ஒண்ணுன்னு ஆயிருச்சு. பட்டாளம்னு கையைத் தூக்கினேன்." இரண்டும் உண்மைதான். சயாமுக்குப் பயந்து கையைத் தூக்கிய அதே மனுஷர்தான் பர்மாக் காட்டில் மலேரியாவோடு நடந்தார். ஊருக்குத் திரும்பிய பிறகு சாகும்வரை நேதாஜியின் பிறந்தநாளில் விளக்கேற்றினார். ஒருவன் எதற்காக ஒரு படையில் சேர்கிறான் என்பதும், சேர்ந்த பிறகு அவன் மனதில் வளர்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேடையில் நாம் காட்டும் தேசபக்தனுக்குப் பசியும் இல்லை, பயமும் இல்லை. நிஜத்தில் இருந்தவருக்கு இரண்டும் இருந்தன. அவரைத்தான் நான் அதிகமாக மதிக்கிறேன்.

1943 அக்டோபர்

பெரியவரின் கேள்விக்குப் பிறகு நான் தேதிகளை எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூட வரலாற்றில் தனித்தனியாகப் படித்தவை, அல்லது படிக்காமலே விட்டவை, ஒரே மாதத்தில் வந்து நின்றன. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 17-ஆம் தேதி, சயாம் பக்கமிருந்து போட்டு வந்த தண்டவாளமும் பர்மா பக்கமிருந்து போட்டு வந்த தண்டவாளமும் கொங்கொய்தா என்ற இடத்தில் சந்தித்தன. சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடும் ஆறும். ஒரு வருஷத்துக்குச் சற்று மேலே ஆகும் காலத்தில் முடித்துவிட்டார்கள். 60,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள், அதாவது தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். செத்தவர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலானோர் தோட்டத் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளுக்குள் அவர்களுடைய பட்டாள டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டு என்று கட்டளை போட ஆள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து பிடித்து வந்தவர்களுக்கு யாரும் இல்லை. புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று குடும்பத்தோடு வந்தவர்களும் அதில் உண்டு. முகாம் முகாமாகச் செத்தார்கள்.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. உறுதிமொழி வாசிக்கும்போது போஸின் குரல் உடைந்துபோனது. கூட்டத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். அந்த வாரத்திலேயே ஐ.என்.ஏ.வின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறந்தது. மதராஸில் டாக்டருக்குப் படித்து, சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். ரப்பர் தோட்டத்து லயங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை.

அதே அக்டோபர் கடைசியில் ஹாங்காங்கில், ஸ்டான்லி கடற்கரைப் பக்கத்தில், முப்பதுக்கும் மேற்பட்டவர்களை ஜப்பானியர் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் கேப்டன் மதீன் அகமது அன்சாரி, ராஜ்புத் ரெஜிமெண்ட் அதிகாரி. அரச குடும்பத்து உறவு உள்ளவர் என்பதால், அவர் பிரிட்டிஷ் விசுவாசத்தைக் கைவிட்டால் மற்ற இந்தியச் சிப்பாய்களும் வருவார்கள் என்று ஜப்பானியர் கணக்குப் போட்டார்கள். பட்டினி போட்டார்கள், சித்திரவதை செய்தார்கள். அவர் அசையவில்லை. தலையை வெட்டினார்கள். பிரிட்டிஷ் அரசு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருதைக் கொடுத்தது. நம் ஊரில் அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தவறான கொடிக்கு விசுவாசமாக இருந்தவர் என்று நாம் எழுதாமலே எழுதி வைத்துவிட்டோம். ஆனால் கொடுத்த வாக்கை உயிர் போகும்வரை காப்பாற்றுவதுதான் வீரம் என்றால், அதை அவரிடம் பார்க்காமல் வேறு யாரிடம் பார்ப்பது?

அந்த மாதத்திலேயே அந்தமானில் டாக்டர் திவான் சிங்கை ஜப்பானியர் கைது செய்தார்கள். அவர் பஞ்சாபிக் கவிஞர், அங்கிருந்த இந்திய சுதந்திர லீக்கின் தலைவர், அதாவது போஸ் பக்கத்து ஆள்தான். உளவாளி என்று சொல்லி செல்லுலார் சிறையில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். டிசம்பர் 30-ஆம் தேதி போஸ் போர்ட் பிளேரில் மூவண்ணக் கொடியை ஏற்றினார். இந்திய மண்ணில் விடுதலைக்கொடி என்று பிள்ளைகளிடம் நான் குரலை உயர்த்திச் சொல்லும் இடம் அது. அந்த நேரத்தில் திவான் சிங் அதே ஊர்ச் சிறையில்தான் கிடந்தார். போஸ் போன இடமெல்லாம் ஜப்பானியர் கூடவே இருந்தார்கள். 1944 ஜனவரி 14-ல் திவான் சிங் செத்தார். அந்த மாதம் 30-ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 இந்தியர்களைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். கொடியேற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இவற்றைவிட என்னை அதிகமாக உலுக்கியது வேறொன்று. ஐ.என்.ஏ. பர்மாவுக்குப் போனது எந்த வழியாக? அந்தச் சயாம் ரயில்பாதை வழியாகத்தான். ஜான்சி ராணி படைப் பெண்கள் போனதும் அதே ரயிலில்தான். மூங்கில் காட்டு வழியாக, மரப்பாலங்கள் மேலே, இரண்டு பக்கமும் முகாம்கள் இருக்க, டெல்லியை நினைத்துக்கொண்டு போனார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு போனதாகப் பெரிய தாத்தா சொல்வார். ரயில் நின்ற ஓர் இடத்தில் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் வந்து, "எந்தத் தோட்டம்யா?" என்று தமிழில் கேட்டதையும் அவர் சொல்லியிருக்கிறார். தோட்டத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். தன் பங்குச் சோற்றைக் கொடுத்திருக்கிறார். ரயில் கிளம்பிவிட்டது. இந்தப் பகுதியை அவர் விழாவில் சொன்னதே இல்லை. சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கும் அது கதையின் சுவாரஸ்யமில்லாத பகுதியாகத்தான் தெரிந்தது. அடுத்து குண்டு எப்போது விழும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. ரயிலுக்குள் இருந்தவனும் வெளியே நின்றவனும் ஒரே கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போயிருக்கலாம். ஒரே கங்காணி கூட்டிப் போயிருக்கலாம். ஒருவன் உடம்பில் சீருடை, அதனால் அவன் தேசத்தின் மகன். இன்னொருவன் இடுப்பில் சாக்கு, அதனால் அவன் யாருக்கும் மகன் இல்லை. உள்ளே இருந்தவனின் படையைப் போர்முனைக்குக் கொண்டுபோகும் தண்டவாளத்தை வெளியே நின்றவன் தன் உயிரைக் கொடுத்துப் போட்டிருக்கிறான், தெரியாமலே, விரும்பாமலே. அப்படியென்றால் அவன் விடுதலைப் போருக்கு உதவினானா, ஜப்பானுக்கு உதவினானா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்தாலே நாம் ஏதோ தப்பான இடத்தில் நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. செத்தவன் எந்தப் பக்கத்துக்குப் பயன்பட்டான் என்று பார்த்துத்தான் அவனுக்காக அழுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.

கல்லும் பெயரும்

போர் முடிந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். தாய்லாந்தில், அந்த ரயில்பாதை போன காஞ்சனபுரியில், போர்க்கைதிகளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர், ஆளுக்கு ஒரு கல், புல் வெட்டி, பூச்செடி வைத்து இன்றும் பராமரிக்கிறார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லறை இல்லாத 24,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. அதில் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. பிரிட்டிஷ் அரசைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது, ஆனால் தன் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களின் பெயரை அது எழுதி வைத்தது. பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் மொத்தமாகக் குழிக்குள் போனார்கள். 1990-ல்கூட காஞ்சனபுரியில் அப்படி ஒரு குழியைத் தோண்டி எலும்புகளை எடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் அங்கே ஒரு புத்த கோயிலில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடுகல் ஒன்று வைக்கப்பட்டது. அதற்காக அலைந்த மலேசியத் தமிழர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பிரிட்டிஷார் 1946-ல் அந்த ரயில்பாதையின் சயாம் பகுதியைத் தாய்லாந்துக்கு விற்றார்கள். விலை 12.5 லட்சம் பவுன். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டுபோன தண்டவாளத்துக்கும் வண்டிகளுக்கும் ஈடாக அந்தப் பணம் அந்தந்த ரயில்வேக்களுக்குப் போனது. இரும்புக்கு நஷ்டஈடு கிடைத்தது. தண்டவாளம் போட்டவனின் குடும்பத்துக்கு அதில் ஒரு காசு வரவில்லை.

ஐ.என்.ஏ.காரர்களின் கதை வேறு திசையில் போனது. சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 ஜூலையில் போஸ் அடிக்கல் வைத்த நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவர் மீதும் அரசருக்கு எதிராகப் போர் தொடுத்ததாக வழக்கு நடந்தது. நாடு கொதித்தது. 1946 ஜனவரியில் அவர்களை விட வேண்டியதாயிற்று. ஒரு வருஷத்துக்கு முன் துரோகி, இப்போது வீரன். சுதந்திரம் வந்த பிறகோ, இவர்களை இந்திய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. எடுத்த உறுதிமொழியை மாற்றியவர்கள் என்ற காரணம் புதிய அரசுக்கும் பெரிதாக இருந்தது. அப்புறம் 1972-ல் தியாகி பென்ஷன் வந்தது. என் பெரிய தாத்தா 'தியாகி' ஆனது அந்தப் பென்ஷனுக்குப் பிறகுதான். அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் அவர் மலாயாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர், அவ்வளவுதான். அவர் மாறவில்லை. பர்மாக் காட்டில் அவர் செய்ததும் மாறவில்லை. யார் ஆட்சியில் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன கதை தேவைப்பட்டது என்பதுதான் மாறியது.

இதைப் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2025 மே மாதத்தில் பாகிஸ்தான் எல்லையில் சண்டை நடந்த நாட்களில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் செய்தி வந்துகொண்டே இருந்தது. கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று நடக்காததைச் சொல்லிச் சில சேனல்கள் கொண்டாடின. அதே நாட்களில் காஷ்மீர் எல்லையோரத்துப் பூஞ்ச் நகரத்தில் வீடுகள் மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்து நம் மக்கள் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. இந்தியக் குடிமக்கள், இந்திய ஊர், இந்தியாவுக்காக என்று சொல்லப்பட்ட போர். அவர்களைப் பற்றிக் குழுவில் ஒரு செய்திகூட வரவில்லை. நான் ஒன்றைப் போட்டேன். "இந்த நேரத்துல இது எதுக்கு?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, என் சொந்த மாமா பிள்ளைகள். நாட்டை நேசிக்கிறோம் என்று மனதார நம்புகிறவர்கள். அந்த நேசத்துக்குள் பூஞ்ச் ஆட்கள் எப்படி வராமல் போனார்கள் என்பதுதான் என் கவலை. எல்லையைக் காப்பது தேவை, அதற்காக உயிரைக் கொடுப்பவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாட்டை நேசிப்பது என்றால் அதில் வாழ்கிறவர்களை, வரைபடத்தின் ஓரத்தில் வீடு இருக்கிற காரணத்தால் குண்டு வாங்குகிறவர்களை, முதலில் நினைக்க வேண்டும். கொடி பெரிதாகப் பெரிதாக அவர்கள் அதன் நிழலில் மறைந்துபோகிறார்கள் என்றால் அந்த உணர்ச்சிக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

பலகையில் யார் பெயர்

எங்கள் ஊரில் தியாகிகளின் பெயர்களைப் பொறித்து ஒரு பலகை வைக்க வேண்டும் என்ற பேச்சு கொஞ்ச நாளாக இருக்கிறது. ஐ.என்.ஏ.வில் இருந்தவர்களின் பெயர்கள் தயாராக இருந்தன. சயாமில் செத்தவர்களின் பெயரையும் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். பலருக்கும் புரியவில்லை. ஒருவர் மட்டும் நேராக எதிர்த்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு அண்ணன் முறை. "பட்டாளத்துக்குப் போறவன் செத்தாலும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போறான்டா. அதுக்குத்தான் அவனுக்கு மரியாதை. பாவப்பட்டுச் செத்தவங்களுக்கு நான் அழுறேன், வேணாங்கலை. ஆனா ரெண்டையும் ஒரே கல்லுல எழுதினா, தெரிஞ்சே போனவனுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

இதை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரோடு பனிமலையில் காவல் நின்றவர்களில் திரும்பாதவர்கள் உண்டு. தெரிந்தே முன்னால் போவதற்கு ஒரு தனி மரியாதை இருக்கிறது, அது வேறு யாருக்கும் பகிர்ந்து கொடுக்கக்கூடியது இல்லை. சயாமில் செத்தவர்களை வீரர்கள் என்று சொன்னால் அதுவும் பொய்தான். அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெரியவர் என்னிடம் சொன்னதும் அதைத்தான். நாட்டுக்காகச் செத்தார் என்று நான் கொடுத்த பட்டம் அவருடைய சித்தப்பாவுக்கு ஒட்டவில்லை. பட்டம் கொடுத்தால்தான் கணக்கில் சேர்க்க முடியும் என்று நான் நினைத்ததுதான் அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும்.

அதனால் தலைப்பை மாற்றலாம் என்றேன். தியாகிகள் என்று போடாமல், இந்த ஊரிலிருந்து போய் அந்தப் போரில் திரும்பாதவர்கள் என்று போடுவோம். தியாகிகளுக்கு வேண்டுமானால் தனிக் கல் இருக்கட்டும், அதைக் குறைக்க வேண்டாம். ஹவில்தார் அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்து பர்மாவுல செத்தவன்?" என்றார். அவரும் வரவேண்டும் என்றேன். "ரங்கூன்லேர்ந்து ஊருக்கு நடந்தே வர்றேன்னு கிளம்பி வழியில செத்தாங்களே, அவங்க?" அவர்களும்தான். 1942-ல் பர்மாவிலிருந்து காடு வழியாக நடந்து வந்த இந்தியர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள், எங்கள் பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. "அப்படின்னா பலகை பத்தாது" என்றார் அவர். பெரிய பலகையாக வைப்போம் என்றேன். மறுநாள் காலையில் அவரே ஒரு நோட்டோடு வந்தார்.

இப்போது வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஐ.என்.ஏ.காரர்களுக்குப் பென்ஷன் காகிதம் இருக்கிறது. பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குச் சில வீடுகளில் மெடல் இருக்கிறது. சயாம்காரர்களுக்கு எதுவும் இல்லை. தோட்டத்தின் பெயர் தெரிகிறது, ஆளின் பெயர் தெரியவில்லை. அல்லது, "அப்பாயோட தம்பி ஒருத்தர், கறுப்பா இருப்பாராம்" என்கிற அளவில் நிற்கிறது. அப்படிப்பட்டவர்களை எப்படி எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் இப்போது விவாதம். இன்னார் மகன், இன்ன தோட்டம், சயாம் என்று எழுதிவிடலாம் என்பது ஹவில்தார் அண்ணனின் யோசனை. எனக்கும் அது சரி என்றே படுகிறது. இதைப் படிக்கிறவர்களில் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் வேர் உள்ளவர்கள் இருப்பீர்கள். மலேசியாவிலிருந்தும் சிலர் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் வீட்டில் ஜப்பான்காரன் காலத்தில் போய்த் திரும்பாதவர் பற்றி ஒரு வரி நினைவில் இருந்தாலும் உங்கள் ஊரில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடைசியாகப் பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கே இப்போது எண்பது வயது ஆகிறது.